கமாண்டை அடித்தது நான், முடிவெடுத்தது யார்?

இரவு ஷிஃப்ட்:
சனிக்கிழமை ராத்திரி டேட்டாபேஸை மாற்றினோம். அதற்கு முந்தைய மீட்டிங்கில், "ரோல்பேக்கை (சொதப்பினால் பழைய நிலைக்குத் திருப்பும் வழியை) ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை, இரண்டு வாரம் தள்ளலாம்" என்று சொன்னேன். "ரிஸ்க்கை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் டைரக்டர். பெரிய டேபிள் ஒன்று லாக் ஆகி, ஆறு மணி நேரம் எல்லாம் படுத்துவிட்டது. இப்போது ஆர்சிஏ, அதாவது மூல காரண அறிக்கையின் டிராஃப்ட் வந்திருக்கிறது. காரணம்: "கமாண்டை இயக்கிய பொறியாளரின் கவனக்குறைவு." மீட்டிங் குறிப்பில் "குழு ஒருமனதாக முடிவு செய்தது" என்று இருக்கிறது. அந்தக் குழுவில் நானும் இருந்தேனாம்! கையெழுத்துப் போடவா?

பழைய கை:
இப்படியே போடாதீர்கள். சேலஞ்சர் விண்கலம் ஞாபகம் இருக்கிறதா? 1986 ஜனவரி 27 இரவு, குளிரில் பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையம் இறுகிவிடும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று அந்த பூஸ்டரைச் செய்த மார்ட்டன் தியோகால் நிறுவனப் பொறியாளர்கள் மன்றாடினார்கள். நாசா முகம் சுளித்ததும், "இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜர் தொப்பியைப் போடு" என்று அந்த நிறுவனத்துக்குள்ளேயே ஒரு மேலதிகாரி சொன்னார். அங்கே பொறியாளராக இருந்த ஆலன் மெக்டொனால்ட் ஏவலாம் என்று கையெழுத்துப் போட மறுத்தார். அவருடைய மேலதிகாரி போட்டு ஃபேக்ஸில் அனுப்பினார். மறுநாள் ஏவிய 73 விநாடியில் ஏழு பேர் போய்விட்டார்கள். அப்புறம் நடந்த விசாரணையில் பேசியது, அதே நிறுவனப் பொறியாளர் ரோஜர் பாய்ஜோலி 1985 ஜூலையிலேயே எழுதி வைத்த மெமோ. நீங்கள் எங்கேயாவது எழுதினீர்களா? வாயால் சொன்னது மட்டும்தான் என்றால் கஷ்டம்.

செர்வர்காரன்:
கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். ரோல்பேக் இல்லை என்று தெரிந்தும் எண்டரைத் தட்டியது நீங்கள்தானே? அந்தப் பங்கை அறிக்கையில் நீங்களே எழுதுங்கள், மற்றதைக் கேட்கும் உரிமை வரும். 2017-இல் கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒருவர் தவறான செர்வரில் டேட்டாவை அழித்தார். அவரைத் தூக்கில் போடாமல், வழக்கமான பேக்கப்கள் ஏன் கைகொடுக்கவில்லை என்று தோண்டி, வெளிப்படையாக எழுதினார்கள். ஆனால் "யாரையும் குறை சொல்ல வேண்டாம்" என்ற பேச்சை எங்கள் ஆபீஸில் மேலே இருப்பவர்களுக்கு மட்டும்தான் பயன்படுத்துகிறார்கள், அது வேறு கதை.

இரவு ஷிஃப்ட்:
தேடிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மாலை 6.40-க்கு டீம் சாட்டில் "ரோல்பேக் இன்னும் டெஸ்ட் ஆகவில்லை" என்று போட்டிருக்கிறேன். டைரக்டர் அதற்குக் கட்டைவிரல் காட்டியிருக்கிறார். அதை இணைத்து, என் தவறையும் ஒரு பத்தியில் எழுதி டிராஃப்டைத் திருப்பி அனுப்பினேன். இன்று புது டிராஃப்ட் வந்தது. "கவனக்குறைவு" போய் "செயல்முறையில் இடைவெளி" ஆகியிருக்கிறது. டைரக்டர் பெயர் இன்னும் எங்கும் இல்லை. நானும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.