8 ஜிபி ரேம் மாட்டிய பிறகு டிஸ்பிளே வரவில்லை. பழைய ரேமும் இப்போது கைவிட்டுவிட்டது

குடியாத்தம் டிடிபி:
அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் திருமண அழைப்பிதழும் பேனரும் வடிவமைக்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். கணினி 2014இல் வாங்கியது: இன்டெல் 4ஆம் தலைமுறை ஐ3, எச்81 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 (மூன்றாம் தலைமுறை) ரேம் ஒன்று. பெரிய பேனர் கோப்பைத் திறந்தால் டீ குடித்துவிட்டு வரும் அளவுக்குத் தாமதமானதால், இணையத்தில் 8 ஜிபி டிடிஆர்3 1600 ரேம் ஒன்றை, உள்ளூர்க் கடையில் சொன்ன விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைத்ததே என்று வாங்கி, காலியாக இருந்த ஸ்லாட்டில் மாட்டினேன். பவர் பொத்தானை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, முகப்பு விளக்கு எரிகிறது, ஆனால் மானிட்டரில் 'நோ சிக்னல்' என்றுதான் வருகிறது. பயந்துபோய்ப் புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் மாட்டினாலும் அதே நிலைதான். மதர்போர்டு போய்விட்டதா? ஆவணி முகூர்த்த அழைப்பிதழ்கள் வரிசையில் நிற்கின்றன.

காட்பாடி சர்வீஸ்:
வணக்கம் ஐயா. மதர்போர்டு போய்விட்டது என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். ரேமைக் கழற்றி மாட்டிய உடனே டிஸ்பிளே போனது என்று என்னிடம் வரும் கணினிகளில் பெரும்பாலானவை, ரேம் சரியாக உட்காராததாலோ, ஸ்லாட்டுக்குள் விழுந்த தூசியாலோதான் நின்றிருக்கும். முதலில் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து, உள்ளே தேங்கிய மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பிறகு பழைய ரேமை எடுத்து, அதன் தங்கநிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளை ரப்பரால் இரு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, ரப்பர்த் துகள் ஒன்றுகூட ஒட்டியிராதபடி பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். விரல் அந்தப் பற்களில் படக் கூடாது. மாட்டும்போது இரண்டு ஓரமும் 'டக்' என்று கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் அது உட்காரவில்லை என்றே பொருள்.

அப்படியும் வராவிட்டால், மதர்போர்டிலுள்ள பொத்தான் பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்து மீண்டும் மாட்டுங்கள். கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸ் தன் பழைய அமைப்புகளை மறந்துவிடும். தேதியும் நேரமும் மாறியிருக்கும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

ஆற்காடு வாசகர்:
எனக்கு எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மீதுதான் சந்தேகம். பத்து ஆண்டுப் பழைய எஸ்எம்பிஎஸ், கூடுதல் ரேமின் சுமையைத் தாங்காமல் போயிருக்கலாம்.

காட்பாடி சர்வீஸ்:
டிடிஆர்3 ரேம் ஒன்று எடுத்துக்கொள்வது சில வாட் மட்டுமே. அதற்காக ஒரு எஸ்எம்பிஎஸ் படுத்துவிடாது. அதோடு, புதிய ரேமை எடுத்த பிறகும் டிஸ்பிளே வரவில்லை என்கிறாரே. எஸ்எம்பிஎஸ் மாற்றச் செலவழிப்பதற்கு முன், காசில்லாத வேலைகளை முதலில் முடித்துவிடுவோம்.

குடியாத்தம் டிடிபி:
மிக்க நன்றி. பழைய ரேம் பிழைத்துவிட்டது! இடப்பக்கக் கிளிப் பாதிதான் மூடியிருந்தது. ஸ்லாட்டிலும் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் தூசி. சுத்தம் செய்து அழுத்தியதும் முதல் முறையிலேயே டிஸ்பிளே வந்தது. ஆனால் புதிய 8 ஜிபி ரேமைத் தனியாக எந்த ஸ்லாட்டில் மாட்டினாலும் திரை கறுப்பாகவே இருக்கிறது. ரப்பரால் தேய்த்தும், பேட்டரியைக் கழற்றியும் பார்த்துவிட்டேன். இந்த மதர்போர்டு ஸ்லாட்டுக்கு 8 ஜிபி வரை ஏற்கும் என்று கையேட்டில் இருக்கிறதே?

பாகாயம் மாணவி:
கையேடு சொல்வது சரிதான், ஐயா. இரண்டு ஸ்லாட்டிலும் சேர்த்து 16 ஜிபி வரை எச்81 ஏற்கும். ஆனால் எல்லா 8 ஜிபி ரேமும் ஒன்றல்ல. பிராசசர் ரேமிடமிருந்து ஒரே நேரத்தில் 64 பிட் வாங்குகிறது. வழக்கமான ரேமில் ஒவ்வொரு சிப்பும் 8 பிட் தரும். எனவே எட்டுச் சிப் சேர்ந்து ஒரு வரிசை, அப்படி இரண்டு வரிசை. மலிவாக விற்கும் சில ரேம்களில் சிப் ஒவ்வொன்றும் 4 பிட்தான் தரும். பதினாறும் சேர்ந்தால்தான் ஒரே வரிசை. இந்த 4 பிட் வகையை உங்கள் ஐ3 போன்ற இன்டெல் மேசைக்கணினிப் பிராசசர்கள் ஏற்பதில்லை. இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் பழைய பிராசசர்கள் பல ஏற்கும். இரண்டிலும் பதினாறு சிப் இருப்பதால் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சிப்பின் மேலுள்ள எண்ணைத்தான் பார்க்க வேண்டும். சாம்சங் சிப்பாக இருந்தால் கே4பி4ஜி என்பதற்குப் பிறகு 08 என்று வருவது நமக்கு உதவும். 04 என்று வருவது உதவாது. வாங்கிய பக்கத்தில் 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

குடியாத்தம் டிடிபி:
அம்மா, நீங்கள் சொன்னதேதான். சிப் எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன், கே4பி4ஜி-க்குப் பிறகு 0446 என்று வருகிறது. விற்பனைப் பக்கத்தில் விலை கொட்டை எழுத்தில். 'ஏஎம்டிக்கு மட்டும்' என்பது கடைசிப் படத்தின் மூலையில் எறும்பு அளவில். திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிய இரண்டு நாள் இருந்ததால் அனுப்பிவிட்டேன்.

காட்பாடி சர்வீஸ்:
நல்லது. இனி வாங்கும்போது சாதாரண 1.5 வோல்ட் டிடிஆர்3 என்றாலும், 1.35 வோல்ட் டிடிஆர்3எல் என்றாலும் உங்கள் மதர்போர்டில் ஓடும். டிடிஆர்4 மட்டும் வேண்டாம், அதன் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஸ்லாட்டில் இறங்காது. சிலர் பலவந்தமாக அழுத்தி ஸ்லாட்டையே உடைத்துக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

குடியாத்தம் டிடிபி:
வேலூரில் பழைய பாகங்கள் விற்கும் ஒரு கடையில், கணினியையே தூக்கிக்கொண்டு போய், அங்கேயே மாட்டிப் பார்த்து, 08 வகை 8 ஜிபி ஒன்று வாங்கினேன். இரண்டும் சேர்ந்து 12 ஜிபி காட்டுகிறது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டேன், பிழை ஒன்றுமில்லை. பேனர் கோப்பு திறக்கும் நேரத்தில் இப்போது டீக்கடைவரை போக முடியவில்லை.