ஆச்சி சொன்ன கதையை அச்சில் கண்டபோது

கோண்டாவிலிலிருந்து:

எங்கள் ஆச்சி ஆடிப்பிறப்புக்கு முதல் நாள் மட்டுமே சொல்லும் கதை ஒன்று இருந்தது. குசினி வாசலில் திருவலையின் மேல் அமர்ந்து தேங்காய் திருவிக்கொண்டே அதைச் சொல்வார். ஒவ்வொரு வசனத்துக்கும் நாங்கள் "ஓம்" சொல்லவேண்டும்; ஓம் நின்றால் கதையும் நின்றுவிடும். மாமியார் வீட்டில் முதன்முதலாகக் கொழுக்கட்டை தின்ற ஒருவன், அதன் பெயர் மறந்துவிடக்கூடாதென்று "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே தன் வீட்டுக்கு நடக்கிறான். வழியில் ஒரு வெள்ளவாய்க்கால் குறுக்கிடுகிறது. "அத்திரிபாச்சா" என்று சொல்லித் தாண்டுகிறான். அக்கரையில் கால் வைக்கும்போது வாயில் மிஞ்சியிருப்பது அத்திரிபாச்சா மட்டுமே.

இந்தக் கதையை அறியாத தமிழ் வீடு அரிது. ஆயினும் பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு நூலகத்தில், உலக நாட்டார் கதைகளை வகைப்படுத்தும் பட்டியலை வேறொரு தேவைக்காகப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அதை அங்கே காண்பேன் என்று நான் நினைத்திருக்கவில்லை. பின்லாந்து அறிஞர் ஆர்னே 1910இல் தொடக்கிவைத்து, அமெரிக்கரான தொம்சன் விரித்தெழுதி, 2004இல் ஜேர்மானியரான ஊதர் திருத்திய பட்டியல் அது. 1687ஆம் எண்ணுக்கு நேரே "மறந்துபோன சொல்" என்று இருந்தது. எங்கள் வீட்டு ஆளுக்கு வேற்றூரில் யாரோ அடையாள அட்டை எடுத்துவைத்திருப்பதைக் கண்டதுபோல, பெருமையும் சற்று மனக்குறையுமாக நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனக்குறைக்குக் காரணம் கதையின் முடிவு. வழக்கமான முடிவில், அத்திரிபாச்சா சமைக்கத் தெரியாத மனைவியைக் கணவன் அடிக்கிறான். அயல்வீட்டுக்காரி "கன்னம் கொழுக்கட்டை போல வீங்கியிருக்கிறதே" என்று பதறும்போது அவனுக்குச் சொல் நினைவுக்கு வருகிறது. எங்கள் ஆச்சி அப்படி முடிப்பதில்லை. அவருடைய கதையில் அவன் ஆத்திரத்தோடு மனைவியை நோக்கிப் பாய்ந்து, குசினி நிலையில் மோதிக்கொள்வான். வீங்குவது அவனுடைய நெற்றி. "கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சே" என்பவள் மனைவி. இந்த மாற்றத்தை ஆச்சி தாமே செய்தாரா, அவருடைய தாயாரிடமிருந்து பெற்றாரா என்று கேட்க எனக்கு அப்போது அறிவில்லை.

அன்றிலிருந்து தொகுப்புகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஜேர்மனியில் நாட்டார் கதைகளைத் திரட்டிய கிறிம் சகோதரர்களின் முதற் தொகுதி 1812இலும் இரண்டாவது 1815இலும் வெளிவந்தன. 1857இல் வந்த ஏழாம் பதிப்பில் இருநூறு கதைகளும் அவற்றோடு பத்துச் சமயக் கதைகளும் உள்ளன. அவர்களுக்கு ஏறத்தாழ நாற்பது கதைகளைச் சொன்னவர் தையற்காரர் ஒருவரின் மனைவியான டொறொத்தேயா ஃபீமன். பயணிகள் தங்கும் விடுதி நடத்தியவரின் மகளான அவர், வழிப்போக்கர்கள் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். தோட்டத்து விளைபொருட்களைக் கசல் நகரச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றவர். கதையை முதலில் தன் போக்கில் சொல்லிவிட்டு, கேட்டால் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகத் திரும்பவும் சொல்வார் என்றும், எங்கேனும் பிழை விட்டால் உடனே தானே திருத்துவார் என்றும் அவர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஆச்சியிடம் மெதுவாக இன்னொரு முறை சொல்லும்படி கேட்டிருந்தால் "உனக்கென்ன காது அடைச்சுப்போச்சே?" என்றுதான் கேட்டிருப்பார்.

எழுதியவர்களும் கை வைத்தார்கள். ஹான்சல், கிறெற்றல் என்ற இரு பிள்ளைகளின் கதையில், முதற் பதிப்பில் காட்டிலே அவர்களைக் கைவிடத் தூண்டுபவள் பெற்ற தாய். பின்வந்த பதிப்புகளில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். பெற்றவள் அப்படிச் செய்யலாகாது என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் பஞ்ச காலத்து வீடொன்றைப் பற்றிய கதையாக எனக்கு முதற் பதிப்பே மெய்யாகப் படுகிறது.

தெல்லிப்பழையிலிருந்து:

மேலே எழுதியவருக்கு எண் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது நூல். கீரிமலைக் கேணியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நடந்து வரும்போது அப்பம்மா சொன்ன குதிரைமுகத்து இளவரசியின் கதையை, ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய, யாழ்ப்பாணத்து வரலாறு கூறும் யாழ்ப்பாண வைபவமாலையில் பின்னாளில் படித்தேன். 1879இலேயே அந்நூலை பிறிற்றோ என்பவர் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டிருக்கிறார் என்பதால், எங்கள் ஒழுங்கைக் கதை எனக்கு முன்பே கடல் கடந்துவிட்டிருந்தது. சோழ அரசன் மகள் மாருதப்புரவீகவல்லி, நகுல முனிவர் கீரிமுகம் நீங்கப்பெற்ற அதே நீரில் ஆடித் தன் குதிரைமுகம் நீங்கினாள். மா, அதாவது குதிரை, விட்ட இடம் மாவிட்டபுரம் ஆயிற்று. அவளை மணந்த உக்கிரசிங்கனுக்கோ சிங்கமுகம். எல்லாம் நூலில் இருக்கின்றன.

இல்லாதது ஒன்றுதான். நீங்கிய முகம் எங்கே போனது என்று நான் ஒருநாள் கேட்டேன். கேணிக்கு அப்பால் சில அடி தூரத்தில் கடல். அப்பம்மா அதைச் சுட்டிக்காட்டி, "அதுக்குள்ளைதான் விழுந்தது, அதாலைதான் மாரியிலை கடல் கனைக்குது" என்றார். கடலுக்கும் குதிரைக்கும் கனைத்தல் என்ற ஒரே வினை உண்டென்பதை இலக்கண வகுப்பில் படிக்கும் முன்பே அந்தக் கரையில் கேட்டுவிட்டேன். எங்கள் ஊர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த ஆண்டுகளில், கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு, புலவரின் நூலில் இல்லாத அந்த ஒரு வரிக்காகவே அதைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன்.

இடையே ஒரு செய்தி. ஹென்றி பாக்கர் என்ற நீர்ப்பாசன அதிகாரி 1910 முதல் 1914 வரை இலங்கைக் கிராமியக் கதைகளை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். பெரும்பாலானவை சிங்களக் கிராமங்களில் கேட்டெழுதியவை. குளக்கட்டுகளை அளக்கச் சென்றவர் கதைகளையும் அளந்து வந்தார். பெரிய நீர்ப்பாசனக் குளங்கள் இல்லாத கிணற்று நாடாகிய எங்கள் குடாநாட்டுக்கு அப்படி ஒருவர் வந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன்.

கரவெட்டியிலிருந்து:

கொழுக்கட்டைக் கதை எங்கள் வீட்டில் ஒலிநாடாவில் இருக்கிறது. 1990களின் முற்பகுதி, போர்க்காலம் அது. மின்சாரம் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னில் றேடியோ கேட்ட காலம். அதே முறையில் அம்மம்மாவின் கதைகளைப் பதியலாம் என்று என் தம்பி யோசனை சொன்னான். அவன் சுற்றினான், நான் கசெற்றைப் பிடித்துக்கொண்டேன், அம்மம்மா டைனமோவின் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கதை சொன்னார்.

தம்பியின் கை தளர்ந்தபோதெல்லாம் நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. ஆகவே இப்போது சீரான மின்னில் போட்டால், அந்த இடங்களில் அம்மம்மாவின் குரல் விரைந்து மெலிந்து சிறுபிள்ளையின் குரலாகிவிடுகிறது. பிற்பாடு ஒருநாள் போட்டுக் காட்டியபோது "உது நான் இல்லை" என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"கொழுக்கட்டை, கொழுக்கட்டை எண்டு சொல்லிக்கொண்டு போறான், வாய்க்கால் வருகுது" என்பது வரை நாடாவில் தெளிவாக இருக்கிறது. அதற்கடுத்துக் கேட்பது, மனைவியிடம் அவன் ஏதோ ஒன்றைச் சமைக்கச் சொல்லிச் சண்டை பிடிப்பதுதான். நடுவில் உள்ள சொல் பதியவில்லை. அந்தச் சொல் வந்ததும் தம்பி சிரித்துச் சிரித்துப் பெடலை விட்டுவிட்டான்.