எஞ்சின் சூடானதும் இழுவை குறையும் பழைய பிக்கப்: காரணத்தை எந்த வரிசையில் தேடுவது?

மேட்டுவழி எழுதியது:

வணக்கம். என்னிடம் 1980களின் இறுதியில் வெளிவந்த பெட்ரோல் பிக்கப் ஒன்று உள்ளது. ஆறு சிலிண்டர் எஞ்சின், காற்று உள்ளே நுழையும் த்ராட்டில் பாடியிலேயே பெட்ரோலைத் தெளிக்கும் ஒற்றை இன்ஜெக்டர், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கொண்ட வண்டி. குளிர்ந்த நிலையில் கிளப்பினால் எந்தக் குறையும் தெரிவதில்லை. ஏற்றத்தில்கூடத் தயங்காமல் ஏறுகிறது. வெப்பமானியின் முள் நடுவுக்கு வந்து, அதன்பின் சிறிது தூரம் ஓடியதும் இழுவை மெல்ல மெல்லக் குறையத் தொடங்குகிறது. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தாலும் நிமிடத்துக்கு 2500 சுற்றுகளுக்கு மேல் எஞ்சின் ஏற மறுக்கிறது. ஆனால் நின்ற இடத்தில் ஐடிலிங் சீராகவே இருக்கிறது. எஞ்சின் அதிகமாகச் சூடாவதும் இல்லை. அணைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கிளப்பினால் பழைய வலிமை திரும்பி, மீண்டும் சிறிது தூரம் தாங்குகிறது.

ஸ்பார்க் பிளக்குகள், அவற்றின் ஒயர்கள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பெட்ரோல் ஃபில்டர் ஆகியவை புதியவை. இனியும் ஊகத்தின் பேரில் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டிருக்க விருப்பமில்லை. அளந்து பார்த்துக் காரணத்தை உறுதிசெய்யும் வழியைச் சொல்ல முடியுமா?

பழையபட்டறை எழுதியது:

உங்கள் விவரத்தில் மிகவும் பயனுள்ள செய்தி, அரை மணி நேரத்தில் வலிமை திரும்புகிறது என்பதும், திரும்பிய பின் சிறிது தூரம் தாங்குகிறது என்பதும்தான். சூடானால் கோளாறு என்றதும் பலரும், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரையும், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை அளக்கும் கூலன்ட் வெப்ப சென்சாரையும் முதலில் சந்தேகிப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எஞ்சினின் கணினி ஆக்சிஜன் சென்சாரைப் பொருட்படுத்தாமல் கலவையைச் செறிவாக (பெட்ரோல் மிகுந்ததாக) வைத்திருக்கும், சூடான பிறகே அதன் சொல்லைக் கேட்டுப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். ஆனால் அரை மணி நேர ஓய்வில் கூலன்ட் முழுவதும் ஆறிவிடாது. கோளாறு அங்கே இருந்தால், மறுபடி கிளப்பிய ஓரிரு நிமிடங்களிலேயே அது தலைகாட்டியிருக்க வேண்டும்.

ஆகவே கூலன்டைவிட விரைவில் ஆறும் பொருளைத் தேடுங்கள். எஞ்சினை அணைத்ததும் ஃபேனும் கூலன்ட் ஓட்டமும் நின்றுவிடுவதால், பானட்டின் கீழ் உள்ள வெப்பம் முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குக் குறையாமல் ஏறவே செய்யும். தீப்பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும், கட்டுப்படுத்தும் பாகங்களான காயிலோ டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள இக்னிஷன் மாட்யூலோ காரணமாக இருந்தால், அணைத்த பத்தாவது நிமிடத்தில் நிலைமை இன்னும் மோசமாக இருக்க வேண்டும். வண்டிக்கு அடியில் காற்றுப்படும் புகைக்குழாய் மட்டும் அந்த நேரத்திற்குள் கணிசமாக ஆறிவிடும். அடுத்த முறை பத்து நிமிடத்தில் ஒருமுறை கிளப்பி ஓட்டிப் பாருங்கள். செலவில்லாத சோதனை இது.

அதன்பின் உறிஞ்சும் அழுத்தத்தைக் காட்டும் வேக்குவம் கேஜ் ஒன்றை இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த்தொகுதியில்) இணையுங்கள். கடல் மட்டத்தை ஒட்டிய இடங்களில் நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை காட்டும். ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். கியரை நியூட்ரலில் வைத்து 2500 சுற்றில் நிறுத்தினால், முள் ஒரு கணம் சரிந்து, பின் ஐடிலிங் அளவுக்கோ அதற்கு மேலோ சென்று நிலைக்க வேண்டும். அப்படி நிலைக்காமல் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால், புகை வெளியேற வழியின்றித் தேங்குகிறது என்று பொருள். இதைக் குளிர்ந்த நிலையில் ஒருமுறையும், இழுவை குறைந்த அந்த நேரத்திலேயே ஒருமுறையும் பாருங்கள். கோளாறு இல்லாத நேரத்தில் எடுத்த அளவை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

தீப்பொறி எழுதியது:

முந்தைய பதிலோடு உடன்படுகிறேன். ஆனாலும் கேஜை வாங்கப் போகும் முன் வேறு சிலவற்றை ஒதுக்கிவிடுவது நல்லது. இழுவை குறைந்ததும் சமதரையில் நியூட்ரலுக்கு மாற்றி வண்டியை உருளவிடுங்கள். சட்டென்று நின்றால், சூட்டில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரேக் ஹோஸின் உட்சுவர் உப்பி அடைத்துக்கொள்வது பழைய வண்டிகளில் அரிதன்று. எஞ்சின் சுற்று ஏறியும் வேகம் ஏறாமல் இருந்தால் கியர்பாக்ஸ் ஆயில் சூட்டில் இளகிக் கிளட்ச் வழுக்குகிறது எனலாம். உங்களுக்குச் சுற்றே ஏறவில்லை என்பதால் அது இல்லை.

குறை தெரியும் விதத்தையும் கவனியுங்கள். தீப்பொறி தவறினால் உதறலும் வெட்டலும் இருக்கும். பெட்ரோல் போதாவிட்டால் ஏற்றத்தில் திணறி, காலை எடுத்ததும் சற்றுத் தேறி, மீண்டும் திணறும். புகை அடைப்பில் கழுத்தை நெரித்தாற்போல ஒரே சீராக வலிமை வற்றிப்போகும். பெட்ரோல் அழுத்தத்தையும் அதே நேரத்தில் அளந்துவிடுங்கள், ஏனெனில் தேய்ந்த பம்ப் சூடானதும் அழுத்தத்தைக் கைவிடுவது உண்டு. த்ராட்டில் பாடி வகைகளில் அழுத்தம் குறைவு. பலவற்றில் 9 முதல் 13 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) வரைதான் இருக்கும் என்பதால் 2 பி.எஸ்.ஐ. சரிந்தாலே பாதிப்புத் தெரியும். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேட்டுவழி எழுதியது:

இருவருக்கும் நன்றி. சொன்னபடியே செய்து பார்த்தேன். அணைத்துப் பத்து நிமிடத்தில் கிளப்பியபோது நிலைமை மோசமாகவில்லை. முழுமையாக இல்லாவிட்டாலும் வலிமை ஓரளவு திரும்பியிருந்தது. பிரேக் பிடிக்கவில்லை, வண்டி தாராளமாக உருள்கிறது. உதறல் சிறிதும் இல்லை. பெட்ரோல் அழுத்தம் இரண்டு நிலையிலும் 11 பி.எஸ்.ஐ. வேக்குவம், குளிர்ந்த நிலையில் ஐடிலிங்கில் 18 அங்குலம், 2500 சுற்றில் 20 அங்குலம். முள் அசையாமல் நின்றது. இழுவை குறைந்த நேரத்தில் ஐடிலிங்கில் 17. 2500 சுற்றில் 18 வரை சென்று, பின் அரை நிமிடத்தில் 11 வரை இறங்கியது. எஞ்சின் சுற்றை நான் மாற்றவில்லை.

அப்படியானால் புகையைத் தூய்மைப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை மாற்றிவிடலாமா?

பழையபட்டறை எழுதியது:

இன்னும் வேண்டாம். அடைப்பு என்பது ஏறக்குறைய உறுதி. அடைப்பு எந்த இடத்தில் என்பது உறுதியாகவில்லை. கன்வர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அதே துளையில் குறைந்த அழுத்தம் காட்டும் கேஜைப் பொருத்துங்கள். பொதுவாக ஐடிலிங்கில் 1.5 பி.எஸ்.ஐ.க்குள்ளும், 2500 சுற்றில் 3 பி.எஸ்.ஐ.க்குள்ளும் இருக்க வேண்டும். கேஜுக்குப் போகும் குழாய் சூட்டைத் தாங்குவதாக இருக்கட்டும். நச்சுப்புகை கசியும் என்பதால் இதைத் திறந்தவெளியில் மட்டுமே செய்யுங்கள்.

அழுத்தம் அதிகமாக இருந்தால், கன்வர்ட்டரின் பின்பக்க இணைப்பை முதலில் கழற்றி மீண்டும் அளந்து பாருங்கள். அழுத்தம் சரியாகிவிட்டால் அடைப்பு பின்னால், அதாவது சைலன்சரில் அல்லது வால்குழாயில் இருக்கிறது. மாறாவிட்டால் கன்வர்ட்டர், அல்லது அதற்கு முன்னுள்ள குழாய். அந்தக் குழாயை எவரும் எளிதில் சந்தேகிப்பதில்லை. அக்காலத்துச் சில வண்டிகளில் அது இரட்டைச் சுவர் கொண்டது. உட்சுவர் துருவேறி மடிந்து, சூட்டில் விரிந்து வழியை மறித்துவிடும், வெளிச்சுவரோ புதிதுபோலவே இருக்கும். சூட்டில் அடைத்து ஆறியதும் திறக்கும் உங்கள் அறிகுறிக்கு, அடைபட்ட கன்வர்ட்டரைவிட இதுவே நன்கு பொருந்துகிறது என்பது என் கருத்து. கன்வர்ட்டருக்குள் உடைந்த துண்டு இடம்பெயர்ந்தாலும் அடைப்பு வந்து வந்து போகும் என்பதால், ஆறிய பின் அதை ரப்பர் சுத்தியலால் தட்டி உள்ளே ஏதும் கலகலக்கிறதா என்று கேளுங்கள். முன்குழாயைக் கழற்றியதும் விளக்கை உள்ளே பிடித்து, வட்டம் முழு வட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

தீப்பொறி எழுதியது:

கன்வர்ட்டர்தான் காரணம் என்று முடிவானால், அது ஏன் கெட்டது என்று பார்க்காமல் புதியதைப் பொருத்த வேண்டாம். எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்து கன்வர்ட்டருக்குள் உள்ள தேன்கூட்டு அமைப்பை உருக்கியிருக்கலாம். நீங்கள் பழைய பிளக்குகளை மாற்றும் முன் தீப்பொறி தவறிக்கொண்டிருந்ததா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். கூலன்ட் சென்சாரின் மின்தடையையும் சூடான நிலையில் ஒருமுறை அளந்துவிடுங்கள், ஏனெனில் எஞ்சின் குளிராக இருப்பதாக அது பொய் சொன்னால் கலவை எப்போதும் செறிவாகவே இருந்து புதிய கன்வர்ட்டரையும் கெடுத்துவிடும். கன்வர்ட்டரை எடுத்துவிட்டு வெறுங்குழாய் போடலாம் என்று சிலர் சொல்லக்கூடும். பல நாடுகளில் அது சட்ட விரோதம். ஆக்சிஜன் சென்சாரை எஞ்சின் மிதமாகச் சூடாக இருக்கும்போதே தளர்த்துங்கள். முழுவதும் ஆறிய பின் திருகினால் மரையும் சேர்ந்து வரும்.