பிளஸ் டூவில் நல்ல மார்க், நீட்டில் மட்டும் சறுக்கல்: ஏன்?

கேள்வி (மார்த்தாண்டம்): தமிழ் வழியில் 600க்கு 550 எடுக்கிற பிள்ளைகளும் நீட் மாதிரித் தேர்வில் 300ஐத் தாண்டத் திணறுதே, பாடம் தெரியாததாலா?

பதில் 1: இல்லை, அளக்கிற கோலே வேற. 2025 முதல் 180 கேள்வி, 180 நிமிஷம், 720 மார்க். பள்ளித் தேர்வில் கணக்கின் பாதி வழிமுறைக்கும் மார்க் உண்டு. இங்கே கடைசி வரியில் தசமப் புள்ளி இடம் மாறினா அந்தக் கேள்விக்கான நாலு மார்க்கும் போய், ஒண்ணு கூடுதலா கழியும். ஆய்வகத்தில் டைட்ரேஷனை (கரைசலின் செறிவை அளக்கிற சோதனை) சுத்தமா செய்யுற கைக்கோ மதிப்பே இல்லை. உயிரியல் 90 கேள்வியை 45 நிமிஷத்தில் முடிச்சாத்தான் இயற்பியலுக்கு மூச்சு விட நேரம்.

பதில் 2: அண்ணன் சொன்னது சரி. கண்ணை மூடிக் குறிச்சா கேள்விக்குச் சராசரி கால் மார்க்தான், அதுவும் அதிர்ஷ்டம். நாலு விடையில் தப்பான ஒண்ணை உறுதியா ஒதுக்கினா சுமார் 0.67, ரெண்டை ஒதுக்கினா 1.5. இந்தக் கணக்கைப் பழக்குறதுதான் கோச்சிங். அறிவியல் அறிவுன்னு இதைச் சொல்ல முடியுமா?

பதில் 3: மொழியை விட்டுட்டீங்களே! வினாத்தாளில் தமிழோடு ஆங்கிலமும் இருக்கும். மொழிபெயர்ப்பில் முரண் வந்தா ஆங்கிலமே இறுதி. அதனால கலைச்சொல்லை ரெண்டு மொழியிலும் படிக்கணும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளின்னா மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு, சான்றிதழை இப்பவே வாங்கி வையுங்க.