மண்டபத்துக்குள்ள எடுத்தா பையன் மூஞ்சி மட்டும் கலங்கிப் போகுது – வீட்டுக்கு எந்த கேமரா வாங்கலாம்?

லுங்கிக்கடை_குடியாத்தம்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்கு ஒரு கேமரா வாங்கணும். பட்ஜெட் 45 ஆயிரம், இழுத்துப் பிடிச்சா 50.

பையனுக்கு ரெண்டே கால் வயசு. போன மாசம் குலதெய்வம் கோயில் மண்டபத்துல மொட்டை போட்டு காது குத்தினோம். எங்கிட்ட இருக்கறது 2012ல வாங்கின சின்ன கேமரா, 16 மெகாபிக்சல். மாமா மடியில உக்கார வெச்சி, ஆசாரி ஊசிய எடுத்துக் கிட்ட வர்ற நேரம், ஓரமா நின்னு ஜூம் பண்ணி நான்தான் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தா பின்னாடி சுவத்துல 'உபயம்'னு எழுதியிருக்கிற பேரு இன்ஷியலோட படிக்க முடியுது. மாமா மீசை தெரியுது. பையன் மூஞ்சி மட்டும் கரைச்ச கஞ்சி. போதாததுக்கு எல்லாமே மஞ்சளா இருக்கு. எங்கம்மா மூணு நாள் எங்கிட்ட சரியா பேசல.

கடையில கேட்டா ஒருத்தர் மெகாபிக்சல் அதிகம் பாருங்கன்றார், இன்னொருத்தர் ஜூம் அதிகம் பாருங்கன்றார். எத வாங்கினா இது சரியாகும்?

ஸ்டூடியோ_ஆற்காடு

தம்பி, வாங்கறத அப்புறம் பேசலாம். அந்தப் படத்த கம்ப்யூட்டர்ல ரைட் கிளிக் பண்ணி விவரம் பாருங்க. ஷட்டர் (எவ்வளவு நேரம் திறந்திருந்துது), ஐஎஸ்ஓ (வெளிச்சத்த எவ்வளவு தூக்கிக் காட்டுது), எஃப் நம்பர் (லென்ஸ் துவாரத்தோட அளவு, நம்பர் சின்னதானா துவாரம் பெருசு)னு மூணு இருக்கும். அத மட்டும் எழுதுங்க.

லுங்கிக்கடை_குடியாத்தம்

பார்த்தேன் அண்ணே. ஷட்டர் 1/8, ஐஎஸ்ஓ 800, எஃப் 5.8.

பாலாறு_பையன்

இன்னா தல, 50 ஆயிரத்துக்கு நல்ல போனே வாங்கலாமே. கேமராவ தூக்கிக்கினு யாரு அலையறது?

ஸ்டூடியோ_ஆற்காடு

பாலாறு சொல்றது பாதி சரி. பகல்ல, வாசல்ல, திருப்பதி போற வழியில எடுக்கறதுக்கு போனே போதும். ஆனா ராத்திரியில போன் பல படத்த அடுக்கி ஒண்ணாக்கித்தான் வெளிச்சம் காட்டுது. சும்மா உக்கார்ந்திருக்கிற பாட்டி அதுல அழகா வருவாங்க. ஓடற பேரன் இழுத்துக்கிட்டு வருவான். இவரு கேக்கறது பேரனுக்கு.

இப்போ தம்பி கணக்குக்கு வர்றேன். 1/8ன்னா ஒரு நொடியில எட்டுல ஒரு பங்கு. அதுக்குள்ள ரெண்டு வயசுப் பையன் ஊசியப் பார்த்துத் தலையத் திருப்பிடுவான். உபயதாரர் பேரு திரும்பாது, அதான் அது தெளிவா இருக்கு. ஆக, ஃபோகஸ் தப்பல, கை பெருசா ஆடல, மெகாபிக்சலும் குறையல. ஷட்டர் மெதுவா இருந்துது, அவ்வளவுதான். ஓடற பிள்ளைக்குக் குறைஞ்சது 1/200 வேணும். 8ல இருந்து 200ன்னா 25 மடங்கு வேகம், அதாவது 25 மடங்கு வெளிச்சத்த வேற எங்கிருந்தாவது கொண்டு வரணும்.

எஃப் 5.8 இருக்கிற இடத்துல எஃப் 1.8 லென்ஸ் வெச்சா சுமார் பத்து மடங்கு. ஐஎஸ்ஓ 800ஐ 2000 ஆக்கினா ரெண்டரை மடங்கு. பெருக்கிப் பாருங்க, 25 வந்துடுச்சு. உங்க பழைய கேமராவுல 2000 வெச்சா படம் முழுக்க ரவை கொட்டின மாதிரி இருக்கும், ஏன்னா அந்த மாதிரி சின்ன கேமராவுல சென்சார், அதாவது உள்ள படம் விழற சில்லு, பொதுவா 6 மி.மீ.க்கு நாலரை மி.மீ. தான். ஏபிஎஸ்-சின்னு சொல்ற பெரிய சென்சார் இருக்கிற கேமராவுல 23.5க்கு 15.6, பரப்புல 13 மடங்கு. அதுல 2000 ஒரு விஷயமே இல்ல.

மெகாபிக்சல் பேச்சையே விடுங்க. ஆல்பத்துல ஒட்டற 6க்கு 4 இஞ்ச் பிரிண்டுக்கு ரெண்டு சொச்சம் மெகாபிக்சல் போதும். ஃப்ரேம் போட்டு மாட்டற 12க்கு 8க்குக்கூட ஒன்பது போதும். பெரிய ஜூமும் அதே கதைதான். ஜூம் இழுக்க இழுக்க எஃப் நம்பர் ஏறும், உள்ள வர்ற வெளிச்சம் குறையும். அன்னிக்கு நீங்க ஜூம் பண்ணாம ரெண்டு எட்டு முன்னாடி போயிருந்தாலே படம் பாதி தேறியிருக்கும்.

காட்பாடி_ரிட்டயர்டு

ஆற்காடு நண்பர் சரியாகச் சொன்னார். பட்ஜெட்டுக்கு வருவோம். 2023ல் வந்த கேனன் ஆர்50 நல்ல கேமராதான், பிள்ளைகளின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும். ஆனால் புதிதாக வாங்கி எஃப் 1.8 லென்ஸும் சேர்த்தால் உங்கள் 50ஐத் தாண்டிவிடும். நிக்கான் டி3500, டி5600 இரண்டும் இப்போது உற்பத்தியில் இல்லை. அதனாலேயே செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. என் ஓட்டு டி5600க்கு.

ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்த பள்ளம். இந்த இரண்டு கேமராவிலும் உள்ளே ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாக இருக்கிறதே என்று பழைய 'ஏஎஃப்-டி' வகை 50 மி.மீ. லென்ஸை வாங்கிவிட்டால், அது மாட்டும், படமும் எடுக்கும், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். ஓடுகிற குழந்தைக்கு அது நடக்கிற காரியமா? லென்ஸ் பெயரில் 'ஏஎஃப்-எஸ்' அல்லது 'ஏஎஃப்-பி' இருக்கிறதா பாருங்கள்.

வாங்கும்போது லென்ஸைக் கழற்றி, பின்னால் டார்ச் அடித்து, முன்னால் இருந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம் என்று வந்துவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்குப் பூஞ்சை வராது என்று நினைப்போம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் துணியோடு துணியாக வைத்த என் லென்ஸுக்கு வந்தது.

வாலாஜா_அக்கா

லென்ஸ் வாங்கறப்போ 50 மி.மீ. வேணாம்ப்பா! எல்லாரும் 50, 50ன்னு சொல்லி நானும் வாங்கிட்டு, எங்க ஹால்ல ஃப்ரிட்ஜ்ல முதுக ஒட்டிக்கிட்டு நின்னேன். அப்பவும் பொண்ணு மட்டும்தான் விழறா, கேக்கு விழல. பத்தடி தள்ளி நின்னா 50ல நாலே முக்கால் அடி அகலம்தான் படத்துல வரும். 35ல ஆறே முக்கால் அடி வருது. வீட்டுக்குள்ளன்னா 35 எடு.

நம்பலைன்னா கேமராவோட வர்ற 18-55 லென்ஸ 35ல வெச்சி, திருகற வளையத்துல டேப்ப ஒட்டிடு. ஒரு நாள் முழுக்க அதுலயே எடு. அடுத்த நாள் 50ல ஒட்டு. எது உன் வீட்டுக்கு ஒத்து வருதுன்னு கைக்கே தெரிஞ்சிடும். காசு கொடுக்கறதுக்கு முன்னாடி பண்ணு, நான் அப்புறமா பண்ணேன்.

அப்புறம், கேமரா வாங்கின ஜோருல ஸ்ரீபுரம் தங்கக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போயிடாத. உள்ள விட மாட்டாங்க, லாக்கர் வரிசையில நிக்கணும்.

லுங்கிக்கடை_குடியாத்தம்

வாங்கிட்டேன்! காட்பாடியில படிப்பு முடிச்சி ஊருக்குக் கிளம்பின ஒரு பையன்கிட்ட டி5600, 18-55 லென்ஸோட 31 ஆயிரம். டார்ச் அடிச்சிப் பார்த்தேன், அந்தப் பையன் சிரிச்சான். பரவால்ல. டேப் ஒட்டிப் பார்த்து 35 மி.மீ. எஃப் 1.8 ஏஎஃப்-எஸ் லென்ஸ் தனியா 9 ஆயிரத்துக்கு எடுத்தேன். அக்கா சொன்ன மாதிரி 50ல எங்க கூடம் பத்தல.

பையன் தெளிவா வர்றான். ஆனா புதுத் தலைவலி ஒண்ணு. கடையில தறி லுங்கி அடுக்கு முன்னாடி வெச்சி 1/200ல அஞ்சு படம் எடுத்தா அஞ்சும் அஞ்சு விதமா இருக்கு. ஒண்ணு பளிச்சுனு, ஒண்ணு இருட்டா, ஒண்ணுல மேல் பாதி வெள்ளை, கீழ் பாதி மஞ்ச. கேமராவுல கோளாறா? அந்தப் பையன் ஏமாத்திட்டானா?

ஸ்டூடியோ_ஆற்காடு

அந்தப் பையனத் திட்டாதீங்க தம்பி. கடையில மலிவு எல்இடி போட்டிருக்கீங்களா? நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அந்த விளக்கு நொடிக்கு 100 தடவ ஏறி இறங்குது, கண்ணுக்குத் தெரியாது. 1/200ல திறந்து மூடினா விளக்கு ஏறும்போது ஒரு படம், இறங்கும்போது ஒரு படம் மாட்டும். ஷட்டர 1/100ல வெச்சா முழுசா ஒரு சுத்து உள்ள வந்துடும், எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கும். 1/100ல ஓடற பையன் கொஞ்சம் கலங்குவான். ஓடி வந்து நின்னு உங்களப் பார்ப்பான் இல்ல, அப்போ அழுத்துங்க. ஒயிட் பேலன்ஸ (வெள்ளைய வெள்ளையா காட்டற செட்டிங்) ஆட்டோவுல விடாம, அந்த விளக்குக்குக் கீழ ஒரு வெள்ளைத் தாளக் காட்டி செட் பண்ணுங்க, மஞ்சளும் போயிடும்.

இன்னொண்ணு. எஃப் 1.8ல மூணடி கிட்டப் போனா ரெண்டு இஞ்ச் ஆழம்தான் தெளிவா விழும். மூக்குல ஃபோகஸ் பிடிச்சீங்கன்னா காது போயிடும். அடுத்த காது குத்துக்கு ஞாபகம் வெச்சிக்கங்க. கண்ணுல ஒத்த ஃபோகஸ் புள்ளி வெச்சி, திரையப் பார்க்காம கண்ண வெச்சிப் பார்க்கற துவாரத்துல பார்த்து எடுங்க, இந்த மாடல்ல அதுதான் வேகம்.

லுங்கிக்கடை_குடியாத்தம்

1/100 வெச்சேன் அண்ணே, எல்லாம் ஒரே மாதிரி வருது. வைகாசி 1 எங்க ஊர் கெங்கையம்மன் சிரசு திருவிழா. கூட்டத்துல, வெயில்ல எந்த லென்ஸ்?

பாலாறு_பையன்

அதுக்கு 18-55 போதும் தல. எஃப் 8, ஷட்டர் 1/500. கயித்த கழுத்துல மாட்டிக்க, தேங்கா ஒடைக்கிற பக்கம் நிக்காத, லென்ஸ் மேல தெறிக்கும். நானும் வர்றேன், போனோட.

லுங்கிக்கடை_குடியாத்தம்

வா வா. எங்கம்மா இப்போ பேசறாங்க. பேரன தூக்கி வெச்சிக்கிட்டு, "எனக்கும் ஒண்ணு எடு, பெருசா போட்டு மாட்டணும்"னாங்க. 12க்கு 8 பிரிண்ட் குடுத்திருக்கேன்.