மூட்டுவலி ஜாமுவில் ஸ்டெராய்டு: குற்றவாளி யார்?

கிள்ளான்வாசி:
பசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் மூட்டுவலி ஜாமு என்ற மூலிகை மருந்தில் ஸ்டெராய்டு கலந்திருக்கும், தொடாதே என்று இங்கே ஆளாளுக்குப் பயமுறுத்துகிறீர்கள். என் மாமியார் நாலு மாதமாகச் சாப்பிடுகிறார். இரண்டாம் நாளே மாடிப்படி ஏறினார். நன்றாகப் பசிக்கிறது, முகமும் பூரித்திருக்கிறது. மூலிகை என்றாலே இளக்காரமா?

ஈப்போ மருந்தாளர்:
நீங்கள் சொன்ன மூன்றுமே எனக்குக் கவலை தருகின்றன. தேய்ந்த முட்டிக்கு இரண்டே நாளில் வேரும் பட்டையும் அப்படிச் செய்யாது, டெக்சாமெத்தசோன் என்ற வீரியமான ஸ்டெராய்டு செய்யும். அகோரப் பசியும் உப்பிய வட்ட முகமும் அதன் வேலைதான். கைகால் மெலிந்து வயிறு மட்டும் பெருக்கிறதா, லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகிறதா என்று பாருங்கள். டெக்சாமெத்தசோன் 0.75 மில்லிகிராமே, இன்னொரு ஸ்டெராய்டான பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமுக்குச் சமம். பொடியில் கலந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது.

கிள்ளான்வாசி:
அதே பிரெட்னிசோலோனைத்தானே ஆஸ்துமாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் தருகிறார்கள்? அங்கே மருந்து, இங்கே விஷமா?

ஈப்போ மருந்தாளர்:
நியாயமான கேள்வி. அங்கே அளவு தெரியும், இனிப்புநீரைக் கவனிப்பார்கள், நீண்டநாள் கொடுத்தால் படிப்படியாகக் குறைப்பார்கள். இங்கே சாப்பிடுபவருக்கே தெரியாது. வெளியிலிருந்து ஸ்டெராய்டு வந்துகொண்டே இருந்தால் உடலின் சொந்த ஸ்டெராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். பாட்டில் தீர்ந்ததும் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் சரிவு. உயிரே போகலாம்.

தைப்பிங் ஜாமுக்கடை:
தயவுசெய்து ஜாமுவையே குற்றவாளி ஆக்காதீர்கள். மலேசியாவின் 1984ஆம் ஆண்டு மருந்துக் கட்டுப்பாட்டு விதிமுறைப்படி பதிவு இல்லாமல் விற்கவே கூடாது. நாங்கள் செலவு செய்து பதிவெடுக்கிறோம். 'மால்' என்று தொடங்கும் பதிவு எண், அதன் முடிவில் மரபு மருந்துக்கான 'டி', ஹோலோகிராம் எல்லாம் உண்டு. கலப்படக்காரன் மலிவு மாத்திரையைப் பொடித்துப் போட்டு எங்கள் வாடிக்கையாளரை இழுக்கிறான்.

ஈப்போ மருந்தாளர்:
உண்மை. எண்ணையும் போலியாக அச்சடிப்பார்கள், அதனால் மருந்துகளைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான என்பிஆர்ஏவின் இணையதளத்தில் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

கிள்ளான்வாசி:
எங்கள் பாட்டிலில் எண்ணே இல்லை. அதற்காக நிறுத்திவிட்டு, அவரை வலியில் துடிக்க விடவா?

ஈப்போ மருந்தாளர்:
நீங்களாக நிறுத்தவே கூடாது! பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். அட்ரீனல் சுரக்கும் கார்ட்டிசோலைக் காலையில் அளக்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். குறைப்பதையும் வலிக்கு மாற்று மருந்தையும் அவர் பார்த்துக்கொள்வார்.

கிள்ளான்வாசி:
சனிக்கிழமை கூட்டிப் போகிறேன். ஆனால் மூலிகை வைத்தியத்தை நான் விடுவதாக இல்லை.

ஈப்போ மருந்தாளர்:
விட வேண்டாம். அதற்குள் வாந்தியோ தலைசுற்றலோ வந்தால் சனிக்கிழமைக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஜாமு சாப்பிட்டதை மறைக்காதீர்கள்.