காமிக்ஸ் ஸ்லாப்பின் மேல் ஒட்டப்படும் ‘தோற்றப்பொலிவு’ முத்திரைக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

வெள்ளவத்தை வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். 1974 நவம்பர் எனத் திகதியிடப்பட்ட ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ என்ற மார்வெல் காமிக்ஸின் 181ஆம் இதழை வாங்குவதற்காக நீண்ட காலமாகப் பணம் சேர்த்து வருகிறேன். வுல்வரின் என்ற நாயகன் முழுமையாகத் தோன்றும் முதல் இதழ் என்பதால் அதன் விலை பற்றி இங்கு விளக்க வேண்டியதில்லை. இப்போது அமெரிக்க விற்பனையாளர் ஒருவரிடம் இரண்டு பிரதிகள் உள்ளன. இரண்டும் சிஜிசி 6.0 (சிஜிசி என்பது காமிக்ஸ் பிரதிகளுக்குத் தரப்புள்ளி இட்டுப் பிளாஸ்டிக் உறையில் மூடித்தரும் நிறுவனம்), இரண்டுக்கும் பழுதுபார்த்துப் புதுப்பிக்கப்படாத பிரதிகளுக்குரிய நீல லேபிள். ஆனால் ஒன்றின் பிளாஸ்டிக் உறையின் (ஸ்லாப்) மேல் சிவிஏ முத்திரை ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தரப்புள்ளிக்குரிய மற்றப் பிரதிகளை விடப் பார்வைக்குச் சிறந்தது என்று மூன்றாம் தரப்பு ஒன்று அளித்த சான்று அது. அதற்காகவே விற்பனையாளர் கூடுதல் விலை கேட்கிறார்.

கொழும்பில் இருந்துகொண்டு பிரதியைக் கையில் எடுத்துப் பார்க்க வழியில்லை. டொலரில் சிறிதாகத் தெரியும் வித்தியாசம் ரூபாவுக்கு மாறும்போது என்னைப் போன்ற சம்பளக்காரனுக்குப் பெருந்தொகையாகிவிடுகிறது. ஏற்கெனவே தரப்புள்ளி பெற்ற ஒரு பிரதிக்கு இன்னொருவரின் சான்றும் தேவைதானா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து கூறுங்கள்.

கொட்டாஞ்சேனைச் சேகரிப்பாளர்:

தம்பி, முதலில் 6.0 என்ற எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைப் பார்ப்போம். சிஜிசி 2000ஆம் ஆண்டிலிருந்து 0.5 முதல் 10.0 வரையிலான அளவுகோலில் தரப்புள்ளி இட்டு வருகிறது. ஒரு பிரதியின் எல்லாக் குறைகளையும் எடைபோட்டு அது தருவது ஒற்றை எண் மட்டுமே. குறை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அந்த எண்ணிலிருந்து அறிய முடியாது. பின்னட்டையின் மூலை கிழிந்ததால் 6.0 ஆன பிரதியும், முன்னட்டையில் நாயகனின் முகத்துக்குக் குறுக்கே நிறம் உடைந்த மடிப்பு விழுந்ததால் 6.0 ஆன பிரதியும் லேபிளைப் பொறுத்தவரை சமமானவை. முதலாவதைச் சுவரில் மாட்டினால் பார்ப்பவர் 8.0 என்று மதிப்பிடுவார்; இரண்டாவதில் அந்த மடிப்பைத் தாண்டி அவருடைய கண் நகராது.

அச்சகத்தில் நேரும் குறைகள் இதைவிடச் சிக்கலானவை. அட்டை சற்றே விலகி மடிக்கப்பட்டு, பின்னட்டையின் வெள்ளை விளிம்பு முதுகோரமாக முன்பக்கத்தில் எட்டிப் பார்க்கும் பிரதிகளைப் பழைய மார்வெல் இதழ்களில் நிறையக் காணலாம். அது வாசித்தவர் கையில் ஏற்பட்ட சேதம் அன்று என்பதால் தரப்புள்ளி அதிகம் குறைக்கப்படுவதில்லை. ஆனால் கண்ணுக்கு அதுதான் முதலில் உறுத்தும். காகிதத்தின் வெண்மையும் லேபிளில் தனி வரியாகவே குறிக்கப்படுகிறது. சூப்பர்மேன் அறிமுகமான ‘அக்ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் 9.0 பிரதி ஒன்று 2011இல் ஏறத்தாழ 21.6 இலட்சம் டொலருக்கு விற்பனையானது; 2014இல் இன்னொரு 9.0 பிரதி 32 இலட்சம் டொலரைத் தாண்டியது. மூன்று ஆண்டுகளில் சந்தை உயர்ந்தது அதற்கு ஒரு காரணம் என்பது உண்மை. ஆயினும் பின்னதன் பக்கங்கள் வெண்மையாக இருந்தன என்பதை அன்று வாங்க முனைந்த எவரும் கவனிக்காமல் விடவில்லை.

ஆகவே தோற்றப்பொலிவு என்பது மெய்யானது, பணம் பெறுமதியானது. குறிப்பாக 4.0க்கும் 8.0க்கும் இடைப்பட்ட பிரதிகளில் அதன் வீச்சு மிகப் பெரியது. 9.8 பிரதிகளில் ஒன்றுக்கொன்று வேறுபட அதிக இடமில்லை என்பதால் அங்கே இத்தகைய முத்திரைக்கு நான் பணம் கொடுக்க மாட்டேன். ஆனால் முத்திரை சான்றளிப்பது உறையின் வழியே தெரியும் வெளித்தோற்றத்தை மட்டுமே. அதே வெளித்தோற்றத்தை இரு பக்கங்களினதும் துல்லியமான ஸ்கான் உங்களுக்கும் காட்டிவிடும். முத்திரை இல்லாத பிரதியைக் குறைவானது என்று எண்ணவும் வேண்டாம். பெரும்பாலான பிரதிகள் அந்தச் சோதனைக்கு அனுப்பப்படுவதே இல்லை. என் கருத்து: ஸ்கான்களைக் கேளுங்கள், உங்கள் கண்ணை நம்புங்கள்.

பம்பலப்பிட்டி நாணயப் பெட்டி:

நான் நாணயம் சேகரிப்பவன். அண்ணா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் ஸ்கான் மட்டும் போதும் என்பதை ஏற்க முடியவில்லை. ஒளியமைப்பைச் சற்று மாற்றினால் மங்கிய சிவப்பும் பளிச்சென்று தெரியும். முதுகோரத்து நுண்மடிப்புகள் நேரான வெளிச்சத்தில் மறைந்துபோகும். உறையின் பிளாஸ்டிக் அட்டையோடு ஒட்டும் இடத்தில் தோன்றும் நியூட்டன் வளையங்கள் நல்ல பிரதியையும் கறைபட்டதுபோல் காட்டும். பல பிரதிகளை நேரில் பார்த்துப் பழகிய ஒருவர் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு, தொலைவில் இருந்து வாங்கும் நமக்குத்தான் அதிகம் பயன்படும். நியூயோர்க்கில் கடைக்குச் சென்று பார்க்கக்கூடியவருக்கு அது தேவையில்லாமல் இருக்கலாம்.

நாணய உலகில் ஜோன் அல்பனீஸ் நிறுவிய சிஏசி 2007 முதல் இதே பணியைச் செய்து வருகிறது. தன் தரப்புள்ளிக்கு முழுத் தகுதியுள்ள நாணயத்துக்குப் பச்சை முத்திரை. இன்னும் உயர்ந்த புள்ளியே பெற்றிருக்கலாம் என்று கருதினால் பொன்னிற முத்திரை. அந்த முத்திரைக்குச் சந்தையில் மதிப்பு உண்டானதற்கு முக்கியமான காரணம், தான் முத்திரையிட்ட நாணயங்களை வாங்க அந்த நிறுவனமே விலை கேட்டு முன்வந்ததுதான். சொன்ன சொல்லுக்குத் தன் பணத்தையே ஈடாக வைத்தது. எந்த முத்திரையை எடைபோடுவதற்கும் இதையே அளவுகோலாகக் கொள்கிறேன்: அது உள்ள பிரதிகளும் இல்லாத பிரதிகளும், ஒரே இதழில், ஒரே புள்ளியில், கடந்த ஏலங்களில் எவ்வளவுக்குப் போயின என்று ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பனையாளர் கேட்கும் விலை வேறு, ஏலத்தில் இன்னொருவர் உண்மையில் கொடுத்த விலை வேறு.

தெஹிவளைப் பழம்பிரதி:

இரண்டு பேரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். முத்திரை என்பது ஒட்டப்பட்ட நாளின் தோற்றத்துக்கான சாட்சி. அதன் பிறகு அந்தப் பிரதி வெயில் விழும் அறையில் இருந்ததா, ஈரமான கிடங்கில் இருந்ததா என்பது அதற்குத் தெரியாது. நம் கொழும்பில் காற்றின் ஈரப்பதன் ஆண்டின் பெரும்பகுதியும் 70 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது. காகிதத்துக்கு 50 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதனே நல்லது. ஸ்லாப் காற்றுப் புகாத பெட்டி அன்று. கம்பித் தையலில் துரு ஏறினால் அது காகிதத்திலும் பரவும். சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் ஆரம்ப இதழ்களைக் கடலோர வீடுகளில் வைத்திருந்தவர்களிடம் கேளுங்கள், தையலைச் சுற்றிப் பழுப்பு வட்டம் படர்வதைப் பற்றிச் சொல்வார்கள். கூடுதல் விலைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை மூடிய பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதன்மானி ஆகியவற்றுக்குச் செலவிடுவது எந்த முத்திரையையும் விட அந்த அட்டையின் பொலிவைக் காக்கும்.

கொட்டாஞ்சேனைச் சேகரிப்பாளர்:

நாணயப் பெட்டி சொன்ன ஒளியமைப்புப் பற்றிய குறிப்பு நியாயமானது. சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த காணொளியையும் சேர்த்துக் கேட்பதே சரி. இந்த இதழுக்கே உரிய இன்னொரு விடயமும் உண்டு. ஹல்க் 181இன் வாசகர் கடிதப் பக்கத்தில் மார்வெல் மதிப்பு முத்திரை (வெட்டிச் சேகரிப்பதற்கான சிறு படம்; நாம் பேசும் சிவிஏ முத்திரை அன்று) ஒன்று அச்சாகியிருந்தது. அக்காலச் சிறுவர்கள் பலர் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது இல்லாத பிரதியின் மதிப்பு வெகுவாகச் சரிந்துவிடும். தோற்றப்பொலிவுச் சான்று உள்ளே பார்ப்பதில்லை. சிஜிசி பக்கங்களை எண்ணி, உள்ளேயும் பார்த்துத்தான் புள்ளியிடுகிறது. ஆகவே லேபிளில் உள்ள சிஜிசி சான்று எண்ணை அவர்களுடைய தளத்தில் இட்டுச் சரிபார்த்து, லேபிளில் உள்ள குறிப்புகளைச் சொல் சொல்லாக வாசியுங்கள். பிற்காலத்தில் உறையை உடைத்து மறுபடியும் தரப்புள்ளிக்கு அனுப்பினால், வெளியே ஒட்டிய முத்திரையும் அதற்குக் கொடுத்த பணமும் பழைய உறையோடு போய்விடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வெள்ளவத்தை வாசகன்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு பிரதிகளினதும் முன், பின் ஸ்கான்களையும், சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த காணொளியையும் விற்பனையாளரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். முத்திரை இல்லாத பிரதியின் குறை பின்னட்டையில்தான் இருக்கிறது என்று உறுதியானால் அதையே வாங்குவேன். முன்னட்டையில் இருந்தால், கடந்த ஏலங்கள் காட்டும் வித்தியாசத்துக்கு மேல் ஒரு டொலரும் கூட்டாமல் மற்றதற்கு விலை பேசுவேன். பதில் வந்ததும் படங்களை இங்கே இடுகிறேன்.